தகரக் கொட்டகையில் வளர்ந்த அகராதி



ஆங்கிலப் பாடத்தில் தெரியாத சொல் வந்தால் என்ன செய்வீர்கள்? அகராதியைப் புரட்டுவீர்கள். ஒரு நிமிடத்தில் பொருள் கிடைத்துவிடும். அந்த ஒரு நிமிடம் உங்களுக்குக் கிடைப்பதற்காகத் தன் வாழ்நாளில் 36 ஆண்டுகளைக் கொடுத்தார் ஒருவர். அவர்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே.

ஸ்காட்லாந்து நாட்டில் டென்ஹோம் என்ற சிற்றூரில் 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி முர்ரே பிறந்தார். அப்பா தையல்காரர். குடும்பத்தில் வசதி இல்லாததால் 14 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது. ஆனால், படிப்பை அவர் விடவில்லை. கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். பல மொழிகளைத் தானே கற்றுக்கொண்டார். 17 வயதில் உதவி ஆசிரியரானார். 20 வயதில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியரே ஆகிவிட்டார்!

பிறகு லண்டன் வந்தார். வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தார். 1870இல் மில் ஹில் என்ற இடத்தில் உள்ள பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார். அப்போதுதான் அந்தப் பெரும்பணி அவரைத் தேடி வந்தது. ஆங்கிலத்தில் உள்ள எல்லாச் சொற்களையும் திரட்டி, ஒவ்வொன்றும் எப்போது பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்று எழுத வேண்டும். 10 ஆண்டுகளில் முடிப்பதாக 1879இல் ஒப்பந்தம் போடப்பட்டது.

பள்ளி வளாகத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார் முர்ரே. உள்ளே சுவர் ஓரமாக 1,029 சிறு மரப்பெட்டி அறைகள். எதற்குத் தெரியுமா? துண்டுச் சீட்டுகளை அடுக்கி வைக்கத்தான். பொதுமக்கள் நூல்களைப் படித்து, கண்ணில் பட்ட சொல்லையும், அது வரும் வாக்கியத்தையும், நூலின் பெயரையும் ஆண்டையும் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். முர்ரேயின் பிள்ளைகள் 11 பேர். அவர்களும் சீட்டுகளை எழுத்து வரிசைப்படி பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குக் கைச்செலவுக்குக் காசும் கிடைத்தது!

அவருக்கு முன்பு இருந்தவர்கள் சேர்த்த சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு மூட்டைக்குள் எலிக் குடும்பமே குடியிருந்தது. 'எச்' எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் கிடந்தன. 'பி, ஏ' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அகப்பட்டன. அவற்றில் பல ஏற்கெனவே அடுப்பு மூட்டப் பயன்பட்டுச் சாம்பலாகிவிட்டன. முர்ரே மனம் தளராமல் அந்தச் சொற்களை மறுபடியும் தேட வைத்தார்.

ஐந்து ஆண்டு உழைத்து 1884இல் முதல் பகுதி வெளிவந்தது. 352 பக்கங்கள். எதுவரை வந்திருந்தது தெரியுமா? 'ஏ' எழுத்தில் 'ஆன்ட்' வரை. அதாவது எறும்பு வரை! 10 ஆண்டுக் கணக்கு தப்பு என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பதிப்பகத்தார் அவசரப்படுத்தினார்கள். ஆனாலும் அரைகுறையாக எழுத முர்ரே இசையவில்லை. 1885இல் ஆசிரியர் வேலையை விட்டு ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கே குடியேறினார். அங்கேயும் தோட்டத்தில் தகரக் கொட்டகைதான். குளிர்காலத்தில் கனத்த மேலங்கி அணிந்து, கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதினார். அவருக்கு வரும் போகும் தபால்கள் ஏராளம். அதனால் அவர் வீட்டு வாசலிலேயே தபால்துறை ஒரு பெட்டி வைத்தது.

'சி' எழுத்தைத் தொகுத்தபோது நம் தமிழ்ச் சொற்களும் இடம்பெற்றன. 'கட்டமரான்' என்பது நம் கட்டுமரம். 'செரூட்' என்பது நம் சுருட்டு.

இத்தனை கவனத்திலும் ஒரு சீட்டு தவறிவிட்டது. அடிமைப் பெண் என்று பொருள்படும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல் அகராதியில் விட்டுப்போயிற்று. 1933இல் வந்த இணைப்பு நூலில்தான் அது சேர்ந்தது.

1908இல் முர்ரேக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1915ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி காலமானார். அப்போது அவர் 'டி' எழுத்துச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அகராதி 1928இல்தான் நிறைவுற்றது. மொத்தம் 4,14,825 சொற்கள். அதில் ஏறத்தாழப் பாதியை முர்ரேயே தொகுத்திருந்தார். முடிந்த நூலைக் கண்ணால் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால், அவர் வகுத்த வழியிலேயே மற்ற ஆசிரியர்கள் முடித்தார்கள்.

செல்வங்களே, அவர் தொகுத்த எழுத்துகளில் 'கே'யும் ஒன்று. சில சொற்களின் தொடக்கத்தில் 'கே' எழுதப்படும், ஆனால் ஒலிக்காது. நைஃப் என்றால் கத்தி. நீ என்றால் முழங்கால். நாட் என்றால் முடிச்சு. நிட் என்றால் பின்னுதல். பழங்காலத்தில் அந்தக் 'கே' ஒலித்தது. ஒலி மறைந்தும் எழுத்து நின்றுவிட்டது!

நீங்களும் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஓர் எழுத்து. ஒலிக்காத 'கே' போல, ஒலிக்காத 'பி', ஒலிக்காத 'டபிள்யூ' உள்ள சொற்களைப் படிக்கும் பாடங்களில் தேடுங்கள். சொல், பொருள், அது வந்த வாக்கியம் மூன்றையும் எழுதுங்கள். நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். ஓர் ஆண்டில் எத்தனை சொற்கள் சேரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்!