மைக்கேல் பாரடே

இங்கிலாந்து நாட்டில், இலண்டன் மாநகரை அடுத்திருந்த நியூவிங்டன் என்னும் ஊரில், 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஏழைக் கொல்லர் ஒருவர்க்கு மகனாகத் தோன்றினார் மைக்கேல் பாரடே. தந்தையார் நோயாளராதலின் குடும்பத்தை வறுமை வாட்டியது. எழுத்தும் எண்ணும் ஓரளவு அறிந்ததே பாரடே பள்ளியிற் பெற்ற கல்வி. பதினான்காம் வயதில் அவர் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார்.

கட்டுதற்கு வந்த நூல்களைப் பிறர் கையால் மட்டுமே தொட்டனர். பாரடே கருத்தாலும் தொட்டார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப்பற்றி எழுதியிருந்த கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1812இல், புகழ்பெற்ற வேதியியல் அறிஞராகிய ஹம்பிரி டேவி இராயல் நிறுவனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்டு, அவற்றைப் படங்களுடன் எழுதித் தம் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினார். அந்நூலே அவருக்கு வாயில் திறந்தது. 1813இல் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

டேவி ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவரப் புறப்பட்டபோது பாரடேயும் உடன் சென்றார். டேவியின் மனைவியார் அவரை ஏவலாளராகவே நடத்தினார். பாரடே மனம் வருந்தினாரெனினும், அறிஞர் பலரைக் காணும் வாய்ப்பை எண்ணிப் பொறுத்துக்கொண்டார்.

1820இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்ஸ்டெடு என்பார், கம்பியில் மின்சாரம் ஓடும்போது அருகிலுள்ள காந்த ஊசி அசைவதைக் கண்டறிந்தார். மறு ஆண்டே பாரடே, மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்துகாட்டினார். மின்னோடிக்கு வித்து இதுவே. ஆயினும், பிறர் கருத்தைத் தமதாக்கிக்கொண்டார் என்னும் பழி அவர்மீது எழுந்தது. 1824இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்க முற்பட்டபோது, ஆசானாகிய டேவியே எதிர்த்தார். பாரடே பூசலிட்டாரல்லர், தமது தூய்மையை அமைதியாக விளக்கினார். உறுப்பினரான பின்னரும் ஆசானைப் போற்றுவதில் அவர் குறைவைத்திலர்.

மின்சாரம் காந்த ஆற்றலைத் தருமாயின், காந்தம் மின்சாரத்தைத் தாராதோ? இவ்வினா அவர் நெஞ்சில் பல்லாண்டு கிடந்தது. 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையமொன்றில் இரண்டு கம்பிச்சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றொன்றின் அருகே காந்த ஊசியை வைத்தார். இணைத்த நொடியில் ஊசி துள்ளியது, பின்னர் அடங்கியது, இணைப்பை நீக்கியபோது மீண்டும் துள்ளியது. நிலையாக நிற்கும் காந்த ஆற்றலன்று, மாறும் காந்த ஆற்றலே மின்சாரத்தைப் பிறப்பிப்பது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. அக்டோபரில், சுருளினுள் காந்தத்தைச் செலுத்தியும் மின்சாரம் பெற்றார்.

உயர்கணிதம் அறியாத பாரடே, காந்தத்தைச் சூழ்ந்த வெளியெங்கும் விசைக் கோடுகள் பரவியிருப்பதாக மனக்கண்ணால் கண்டார். அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மாக்சுவெல் என்னும் கணித மேதை அக்கருத்துக்குக் கணித வடிவம் தந்து அதன் மெய்ம்மையை நிலைநாட்டினார்.

1958இல் சுவீடன் நாட்டில் நோயாளர் ஒருவரின் உடலுள் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதன் மின்கலத்திற்கு, தோலைக் கிழியாமலே, வெளியே வைத்த கம்பிச்சுருளின் வழியாக மின்னூட்டலாம். செவிப்புலன் இழந்தோர்க்கு உள்ளே பொருத்தப்படும் கருவியும் இம்முறையிலேயே ஆற்றல் பெறுகின்றது. பாரடேயின் இரும்பு வளையத்தில் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடாமலே ஆற்றலைப் பரிமாறின அல்லவோ? பல்கலைக்கழகங்களில் இத்தகைய கருவிகளை ஆராயும் பொறியியலார் இன்றும் அவ்வுண்மையையே கையாளுகின்றனர்.

இராயல் கழகத் தலைமை தம்மை நாடி வந்தபோதும் பாரடே அதனை ஏற்றிலர். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் மறைந்தார். வறுமையும் இகழ்ச்சியும் பழியும் அடுத்தடுத்து வந்தும், அவற்றுள் ஒன்றேனும் அவரது வினாவை அவர் நெஞ்சினின்று அகற்ற இயலவில்லை. அவ்வுறுதியின் பயனை உலகம் இன்றும் நுகர்கின்றது.