உறங்கும் பெண்ணைச் செதுக்கிய ஹலெபாஸ்: முதுமையில் மீண்டு வந்த கிரேக்கச் சிற்பி

ஏதென்ஸ் நகரின் முதலாம் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இளம்பெண் படுத்திருக்கிறாள். தலை தலையணையில் சாய்ந்திருக்கிறது. கையில் ஒரு சிலுவை. மூடிய கண்களையும் போர்வையின் மடிப்புகளையும் பார்ப்பவர்கள், அவள் சற்றுநேரத்தில் விழித்துக்கொள்வாள் என்றே எண்ணுவார்கள். சொஃபியா அஃபெண்டாகி என்ற இளம்பெண்ணின் கல்லறை மீதுள்ள பளிங்குச் சிலை அது. ‘உறங்கும் பெண்’ என்று அழைக்கப்படும் இச்சிலை, நவீன கிரேக்கச் சிற்பங்களில் மிகவும் புகழ்பெற்ற ஒன்று.

இதைச் செதுக்கியபோது யன்னூலிஸ் ஹலெபாஸுக்கு வயது இருபத்தாறைச் சுற்றித்தான். சிலையைக் காண மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செதுக்கியவரோ ஏறக்குறைய 40 ஆண்டுகள் கலையுலகின் கண்ணில் படவே இல்லை.

பளிங்குத் தீவின் பிள்ளை

ஏஜியன் கடலில் உள்ள தீனோஸ் தீவு, பளிங்கு வேலைக்குப் பேர்போனது. அங்குள்ள பிர்கோஸ் என்ற ஊரில் 1851ஆம் ஆண்டு ஹலெபாஸ் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தந்தையார் பெரிய பளிங்குப் பட்டறை நடத்தியவர். புக்காரெஸ்ட், ஸ்மிர்னா, பிரேயுஸ் ஆகிய நகரங்களிலும் அதற்குக் கிளைகள் இருந்தன.

மூத்த மகன் வணிகத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனின் மனமோ உளியில் இருந்தது. 1869 முதல் 1872 வரை ஏதென்ஸ் கலைப்பள்ளியில் லியோனிடாஸ் டிரோசிஸ் என்ற சிற்பியிடம் பயின்றார். தீனோஸ் தீவின் புகழ்பெற்ற மாதா தேவாலய அறநிறுவனம் உபகாரச் சம்பளம் வழங்க, 1873இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கும் அவருக்குப் பாராட்டு கிடைத்தது. ஆனால், உபகாரச் சம்பளம் இடையிலேயே நிறுத்தப்பட்டதால் 1876இல் நாடு திரும்பி ஏதென்ஸில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அடுத்த ஆண்டே, கிரேக்கப் புராணத்தில் வரும் சட்டிர் என்ற வனதேவதை, குழந்தை ஈரோஸுடன் விளையாடும் சிற்பத்தை முடித்தார். ‘உறங்கும் பெண்’ணும் அதே காலத்து வேலைதான்.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

1877ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் மனம் உடைந்தது. ஓய்வில்லாத வேலை ஒருபுறம், தம் தீவைச் சேர்ந்த பெண்ணைக் காதலித்து, அவள் வீட்டார் மறுத்த வேதனை மறுபுறம். தம் கையால் செய்த சிற்பங்களைத் தாமே உடைத்தார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார்.

மனநோயைப் பற்றி அக்கால மருத்துவம் அறிந்தது மிகக் குறைவு. இடம் மாறினால் குணமாகும் என்று பெற்றோர் அவரை இத்தாலிக்கு அனுப்பிப் பார்த்தனர். கொஞ்சம் தேறினார், மறுபடியும் விழுந்தார். 1888இல் கோர்ஃபு தீவின் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே அவர் செய்த உருவங்கள் அழிக்கப்பட்டன. காவலர் ஒருவர் எடுத்துச் சென்றதால் தப்பிய ஒன்று மட்டும், பல ஆண்டுகளுக்குப் பின் 1942இல் காப்பகத்தின் நிலவறையில் கண்டெடுக்கப்பட்டது.

தந்தையார் 1901இல் காலமானார். மறு ஆண்டு தாயார் மகனைக் காப்பகத்திலிருந்து அழைத்துக்கொண்டு பிர்கோஸுக்குத் திரும்பினார். 14 ஆண்டுகள் அடைபட்டிருந்த மகனை வெளியே கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால், மகனைப் பைத்தியமாக்கியது சிற்பக்கலைதான் என்று அந்தத் தாய் உறுதியாக நம்பினார். களிமண்ணில் அவர் எதைப் பிடித்து வைத்தாலும் உடைத்துவிடுவார். கரித்துண்டால் வரைந்தாலும் அழித்துவிடுவார். மகனை மீண்டும் இழந்துவிடக்கூடாது என்ற பயமே அவரை அப்படிச் செய்ய வைத்தது.

மியூனிக்கில் பாராட்டுப் பெற்ற சிற்பி, ஊரில் ஆடு மேய்த்தார். பளிங்குப் பட்டறைகள் நிறைந்த ஊரில் அவருக்கு மட்டும் உளி இல்லை. ஊரார் அவரைப் பைத்தியக்காரர் என்றே பார்த்தனர்.

அறுபது வயதுக்குப் பின்

1916இல் தாயார் மறைந்தார். வறுமையும் ஊராரின் ஏளனமும் அப்படியே இருந்தன. ஆனால், அவர் செய்வதை உடைக்க இனி யாரும் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஹலெபாஸ் மீண்டும் களிமண்ணைக் கையில் எடுத்தார்.

இளமையில் அவர் செய்தவை வழவழப்பான, நுணுக்கமான பளிங்குச் சிற்பங்கள். முதுமையில் வந்தவை வேறு. மேற்பரப்பு கரடுமுரடு, கோடுகள் எளிமை, விரல் தடம்கூட அப்படியே தெரியும். பழைய கருப்பொருள்கள் மட்டும் அவரை விடவில்லை. சட்டிரும் ஈரோஸும் மறுபடி மறுபடி வந்தார்கள். பெற்ற பிள்ளைகளையே கொன்ற புராணத் தாய் மெடேயாவையும் அவர் திரும்பத் திரும்பச் செய்தார்.

ஏதென்ஸ் கலைப் பேராசிரியர் தோமாஸ் தொமொபூலோஸ் அவரைத் தேடி வந்தார். களிமண் உருவங்கள் சிதைந்துவிடாமல் பல சிற்பங்களுக்குப் பிளாஸ்டர் பிரதிகள் எடுத்தார். 1925இல் அவை ஏதென்ஸ் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1927இல் அதே அகாடமி ஹலெபாஸுக்கு உயரிய விருது வழங்கியது. ஊர் மறந்த மனிதரை நாடு திரும்பிப் பார்த்தது.

1930இல் உறவுக்காரப் பெண் ஒருவர் அவரை ஏதென்ஸுக்கு அழைத்து வந்து தம் குடும்பத்தோடு வைத்துக்கொண்டார். கடைசி எட்டு ஆண்டுகளும் ஹலெபாஸ் ஓயாமல் வேலை செய்தார். 1938 செப்டம்பர் 15ஆம் நாள், 87ஆவது வயதில் காலமானார்.

விட்டுச் சென்றது

பிர்கோஸில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். தீனோஸ் தீவின் பளிங்குக் கைவினை 2015இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

சிற்பம்தான் நோய் என்று அவரைச் சுற்றியிருந்தவர்கள் முடிவு செய்ததில் ஒரு கலைஞரின் நடுவயது முழுவதும் பறிபோனது. அந்த ஆண்டுகளில் பிறந்திருக்கக்கூடிய சிற்பங்களை இனி யாராலும் மீட்க முடியாது. ஆனாலும், ஏறக்குறைய 40 ஆண்டுகள் தடுக்கப்பட்ட கை தன் தொழிலை மறக்கவில்லை என்பதற்கு ஹலெபாஸின் முதுமைக் காலச் சிற்பங்கள் சான்றாக நிற்கின்றன.