பேரேட்டு மேசையில் கற்ற பாடம்: சேர் சொராப்ஜி பொச்கானாவாலா

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைச் சந்தி வரை காலி வீதியின் இருமருங்கிலும் வங்கிக் கிளைகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் குறைவில்லை. ஓய்வூதியப் பணம், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணம், ஊரில் காணி விற்று வந்த பணம் என்று பலவகைப் பணமும் இவற்றின் படியேறுகின்றது. எந்த வைப்புக்கு எத்தனை சதவீத வட்டி என்பது வாசற் பலகையிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பணம் பின்னர் எங்கே போகின்றது என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. 2002 ஆம் ஆண்டு பிரமுக்க வங்கி மூடப்பட்டபோதும், 2008 இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோதும், 2020 இல் த பினான்ஸ், ஈ.ரி.ஐ. ஆகிய நிதி நிறுவனங்களின் உரிமங்கள் இரத்துச் செய்யப்பட்டபோதும் வைப்பாளர்கள் வீதியில் நின்று கேட்ட கேள்வி அதுவே. அவர்களிடம் வைப்பைப் பெற்றுக்கொண்ட இளம் உத்தியோகத்தர்களில் எத்தனை பேருக்கு அதற்கு விடை தெரிந்திருந்தது என்பது ஐயத்துக்குரியது. மாதாந்த இலக்கை எட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறெதையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

சேமிப்பவருக்கு ஆலோசனை கூறுவதும் ஒரு தொழில். ஏனைய தொழில்களைப் போன்று அதையும் வேலைத்தளத்தில் இருந்தே கற்க வேண்டும். அவ்வாறு கற்று, அக்கல்வியைக் கொண்டே ஒரு பெரும் வங்கியைக் கட்டியெழுப்பிய ஒருவர் 1934 ஆம் ஆண்டில் கொழும்பில் ஒரு முக்கிய பொறுப்பை ஏற்றிருந்தார். இலங்கை வங்கியியல் ஆணைக்குழுவின் தலைவராகப் பணியாற்றிய சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவே அவர். இந்நாட்டின் வங்கி வரலாற்றில் இத்துணை இடம்பிடித்த ஒருவரை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிட்டனர்.

1881 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9 ஆம் திகதி பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்த சொராப்ஜி, பதினேழு வயதளவில், 1898 இல், சார்ட்டர்ட் வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அது ஆங்கிலேயரின் வங்கி. அங்கு இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய உயரம் அவர் சேர்ந்த நாளிலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. முகாமையாளரும் கணக்காளரும் கப்பலில் வந்திறங்குவர். பேரேடு எழுதுவோர் ஊரிலிருந்து வருவர். எனினும் பேரேட்டு மேசைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. யார் பணம் போடுகின்றார், எந்த மாதத்தில் எடுக்கின்றார், எந்தக் கடன் திரும்பி வருகின்றது, எது வராமல் இழுபடுகின்றது என்பதையெல்லாம் மேலிருப்பவரை விட அங்கிருப்பவரே முதலில் காண்பர். வேலை முடிந்த பின் படித்து லண்டன் வங்கியாளர் கழகத்தின் பரீட்சையிலும் அவர் தேறினார். அக்காலத்தில் அதில் தேறிய இந்தியர் மிகச் சிலரே.

1906 இல் பம்பாய் வர்த்தகப் பிரமுகர்கள் பாங்க் ஒவ் இந்தியாவைத் தொடங்கியபோது சொராப்ஜி அங்கு சென்று கணக்குப் பிரிவில் பொறுப்பேற்றார். பணிப்பாளர் சபையில் இந்தியர் இருந்தனர். நிர்வாகக் கதிரை மட்டும் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. இந்தியரின் பணத்தை இந்தியரால் நிர்வகிக்க இயலாது என்ற எண்ணத்தை இந்தியச் செல்வந்தரே ஏற்றிருந்தமைதான் அவரை மிகவும் வருத்தியிருக்க வேண்டும். 1911 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் திகதி சென்ட்ரல் பாங்க் ஒவ் இந்தியா உதயமாயிற்று. உரிமையும் நிர்வாகமும் முழுமையாக இந்தியர் வசமிருந்த முதல் வர்த்தக வங்கி அதுவென்பர். சேர் பெரோஷா மேத்தா தலைவர். முப்பது வயதான சொராப்ஜி அதன் உயிர்நாடி.

இரண்டு ஆண்டுகள் கடப்பதற்குள் சோதனை வந்தது. 1913 இன் பிற்பகுதியில் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கியும், அதைத் தொடர்ந்து பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் வீழ்ந்தன. சுதேசி உணர்ச்சியின் வேகத்தில் முளைத்த வங்கிகள் வரிசையாகச் சரிந்தன. 1913 முதல் 1918 வரை 90க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஸ்பீசி வங்கியின் கதை இன்றைய வாசகருக்கும் புதிதாகத் தோன்றாது. வைப்பாளர் தம் பணம் வங்கியின் பெட்டகத்தில் இருப்பதாக எண்ணியிருக்க, அது வெள்ளிச் சூதாட்டத்தில் இறங்கியிருந்தது. சுதேசி என்ற பெயர்ப்பலகை வைப்புக்குப் பாதுகாப்பாகாது என்பதை மக்கள் அன்று பெரும் விலை கொடுத்து அறிந்தனர். (சமூகத்தின் பெயரையும் சமயத்தின் பெயரையும் முன்வைத்து வைப்புத் திரட்டுவோர் இன்றும் இல்லாமல் இல்லை.)

சென்ட்ரல் வங்கி அந்தப் புயலைத் தாங்கி நின்றது. கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் பணம் கொடுக்கக்கூடிய நிலையில் வங்கி இருந்தால் வதந்திக்கு ஆயுள் குறைவு. அந்நிலையில் இருப்பதற்கு, வைப்பின் ஒரு பகுதியை இலாபம் குறைந்த, ஆனால் உடனே காசாக்கக்கூடிய முதலீடுகளில் வைத்திருக்க வேண்டும். அதிக வட்டி தருவதாக வாக்களிக்கும் நிறுவனத்தால் அவ்வாறு வைத்திருக்க முடியாது. கொடுக்கும் வட்டியை விடக் கூடுதலாக எங்கேனும் ஈட்டியாக வேண்டிய நெருக்கடி அதற்கு உண்டு. வட்டி உயர்ந்தால் இடர் உயரும் என்று இன்று பயிற்சி வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். 1913 ஆம் ஆண்டின் பம்பாயில் ஒரு வங்கியை நடத்தியவருக்கு அது ஒரு வரியாக இருந்திருக்காது.

சொராப்ஜியின் பெருமை வங்கியைக் காப்பாற்றியதோடு நின்றுவிடவில்லை. அதுவரை வங்கியை அறியாதவர்களுக்கு எது பொருந்தும் என்று யோசித்து ஒவ்வொன்றாக அவர் அமைத்த திட்டங்களிலேயே அவரது தனித்தன்மை புலப்படுகின்றது. 1921 இல் வீட்டுச் சேமிப்புப் பெட்டித் திட்டம் அறிமுகமாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளின் உண்டியலை ஒத்த ஏற்பாடு அது. வங்கிக்குச் செல்லக் கூச்சப்படும் சிறு வருவாயினரிடம் சேமிப்புப் பழக்கத்தை வளர்ப்பதே அதன் நோக்கம். சில்லறையைக் கொண்டு எந்த வங்கியும் பெரும் இலாபம் காண்பதில்லை. பெட்டியைக் கொடுத்து, எண்ணி, பதிவு செய்யும் செலவே மிகுதி. ஆயினும் பத்தாண்டு கழித்து அந்தக் குடும்பம் யாரிடம் ஆலோசனை கேட்கச் செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1924 இல் பெண்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. ஆண்கள் நிறைந்த வங்கி மண்டபத்துள் ஒரு பெண் தனியே சென்று தன் பணத்தைப் பற்றிப் பேசுவது அன்று எளிதன்று. கணவனோ சகோதரனோ சொல்வதைக் கேட்டுக் கையொப்பமிடுவதே வழமை. அவளுக்கென ஒரு பிரிவு அமைந்தபோது அவள் தானே கேட்கவும் தானே முடிவெடுக்கவும் வாய்ப்புண்டாயிற்று. 1926 இல் பாதுகாப்புப் பெட்டக வசதி வந்தது. சேமிப்பைப் பொன்னாகவே வைத்திருக்கும் நம்போன்ற சமூகங்களில், நகையை விற்று வைப்பிலிடுங்கள் என்று எவரேனும் சொன்னால் அவர் சொல்லும் அடுத்த வார்த்தை காதில் ஏறாது. நகையை நகையாகவே பத்திரப்படுத்த இடம் கொடுத்ததில் அவரது உலக அனுபவம் தெரிகின்றது. 1929 இல் மரணசாதனங்களையும் நம்பிக்கைச் சொத்துகளையும் நிர்வகிக்கும் பிரிவும், 1932 இல் வைப்போடு காப்புறுதிப் பயனைச் சேர்த்த திட்டமும் தொடர்ந்தன. கையில் ஒரு பண்டத்தை வைத்துக்கொண்டு அதை யாருக்கு விற்கலாம் என்று தேடியவரின் வரிசையாக இது தோன்றவில்லை. எதிரே அமர்ந்திருப்பவரின் தேவை என்னவென்று கேட்டு, பின்னர் பண்டத்தைத் தேடிய ஒருவரின் வரிசையாகவே தோன்றுகின்றது. 1923 இல் டாட்டா இன்டஸ்ட்ரியல் வங்கி அவரது வங்கியோடு இணைந்தமை, 1934 இல் சேர் பட்டம் கிடைத்தமை ஆகியவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவரது அனுபவத்தை நாடியபோது இலங்கை எந்நிலையில் இருந்தது? 1832 முதல் இலங்கைச் சேமிப்பு வங்கி இயங்கிவந்தது. 1884 இல் ஓரியன்டல் வங்கி திடீரென மூடப்பட்டு நாடே கலங்கியதற்கு அடுத்த ஆண்டில் தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தொடங்கப்பட்டது. ஆகவே சிறு தொகையைப் போட்டுவைக்க இடமிருந்தது. கடன் பெறுவதுதான் கடினம். கோட்டையிலிருந்த பிரித்தானிய வங்கிகள் தோட்டங்களுக்கும் ஏற்றுமதி இறக்குமதி வர்த்தகத்துக்கும் ஊழியம் செய்தன. உள்ளூர் வர்த்தகருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் புறக்கோட்டைச் செட்டியார் தெருவே வங்கி. நாட்டுக்கோட்டை நகரத்தார், உத்தரவாதம் நிற்கும் தரகர் மூலம் பிரித்தானிய வங்கிகளிடம் கடன் பெற்று, அதை மேலும் கூடிய வட்டிக்கு உள்ளூராருக்குக் கொடுத்துவந்தனர். 1925 இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும் வங்கிகள் அஞ்சிக் கடனை மீளக் கேட்டன. செட்டியார்கள் தம்மிடம் கடன்பட்டோரை நெருக்கினர். சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, ஈட்டில் இருந்த காணிகளும் தோட்டங்களும் கைமாறின. இழந்தவர்கள் செட்டியாரைத் தூற்றினர். எனினும் பிரித்தானிய வங்கிகள் தாமே உள்ளூராரை அறிந்து கடன் கொடுக்க முன்வராததால்தான் அந்த இடைவெளியில் செட்டியார் நிற்க நேர்ந்தது என்பதை அன்று சிலரே எண்ணிப்பார்த்தனர்.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அமைந்த அரசாங்க சபையின் காலத்தில், 1934 இல், சொராப்ஜியின் தலைமையில் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அதன் அறிக்கை வெளிவந்தது. அரசின் துணையோடு ஒரு தேசிய வங்கியை நிறுவ வேண்டும் என்பது அதன் தலையாய பரிந்துரை. தலைவரின் வாழ்க்கையை அறிந்தவருக்கு அப்பரிந்துரை வியப்பளிக்காது. பம்பாயில் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட நிலையையே கொழும்பிலும் கண்டார்: நாட்டவரின் பணம் வங்கிக்குள் செல்கின்றது, நாட்டவர் வாசலில் நிற்கின்றனர். ஆனால் பம்பாயில் தனியார் முதலில் செய்துகாட்டியதற்கு இங்கு அரசின் கைகொடுப்பை அவர் வேண்டினார். சுதேசிப் பெயரோடு முளைத்து அழிந்த வங்கிகளின் நினைவு அவரை விட்டு அகன்றிருக்க முடியாது.

பரிந்துரை செயலாவதற்கு ஐந்து ஆண்டுகள் சென்றன. 1937 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி, ஐம்பத்தைந்தாவது வயதில் சேர் சொராப்ஜி காலமானார். இலங்கை வங்கிக்கான கட்டளைச் சட்டம் 1938 இல் நிறைவேற, 1939 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி தேசாதிபதி சேர் அன்ட்ரு கால்டிகொட் அவ்வங்கியைத் திறந்துவைத்தார். அவர் உருவாக்கிய சென்ட்ரல் வங்கி 1969 இல் இந்திய அரசால் தேசியமயமாக்கப்பட்டது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1954 இல், அவ்வங்கி தன் ஊழியர்களுக்காகப் பம்பாயில் ஒரு பயிற்சிக் கல்லூரியை நிறுவியிருந்தது. 1898 இல் எழுதுவினைஞராகச் சேர்ந்தவரின் பெயரையே அக்கல்லூரிக்கு இட்டனர்.