கோழி காட்டிய உண்மை

அறிவியலில் ஓர் உண்மையைக் காண்பது அரிது. கண்ட உண்மையை உலகம் ஏற்கும்வரை பொறுத்திருப்பது அதனினும் அரிது. அவ்வாறு ஐம்பத்தைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தவர் அமெரிக்க அறிஞர் பெய்டன் ரௌஸ்.

1879-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் பிறந்த ரௌஸ், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார்தாம் வளர்த்துப் படிக்க வைத்தார். மருத்துவம் பயிலுங்கால், பிணப் பரிசோதனையில் விரலில் பட்ட காயத்தின் வழியே காசநோய் தொற்றியது. படிப்பை நிறுத்தி, டெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணையில் உழைத்து உடல் தேறினார். திரும்பி வந்து 1905-இல் பட்டம் பெற்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு, அவர் வாழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

1909-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த அவரிடம், மார்பில் கட்டியுள்ள கோழி ஒன்று வந்தது. கட்டியை அரைத்து, உயிரணுவும் பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அச்சாற்றை அதே இனத்தைச் சேர்ந்த நல்ல கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி தோன்றியது! வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு இது சான்றாயிற்று. 1911-இல் முடிவை வெளியிட்டார். அறிஞர் பலர் நம்பவில்லை. எலிகளில் அத்தகைய காரணி அவருக்கே கிட்டவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் இரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் முறையை ஆராய்ந்தார். 1933-இல் ஷோப் என்பவர் முயல்களின் மருக்களுக்கு வைரஸே காரணம் என்று காட்டியதும், ரௌஸ் மீண்டும் தம் பழைய துறைக்கு வந்தார். 1966-இல், தம் 87-ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார். 1970-இல் மறைந்தார்.

அவருடன் அப்பரிசைப் பகிர்ந்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயை இயக்குநீர் மாற்றத்தால் கட்டுப்படுத்தலாம் எனக் காட்டியவர் அவர். அந்தப் புற்றுநோய்க்கும் வைரஸ் காரணமாகுமோ என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 2006-இல் அத்தகைய கட்டிகளில் புதிய வைரஸ் ஒன்று இருப்பதாக ஆய்வாளர் சிலர் அறிவித்தனர். அது ஆய்வுக்கூடத்தில் கலந்த மாசு என்று 2012-க்குள் தெளிவாயிற்று. அக்கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அவ்வாறு மெய்ப்பிக்கப்படவில்லை.

வைரஸ் என்றதும் அஞ்சற்க! எங்கள் ஊர்ப்பக்கம் புற்றுநோயாளிக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைப்போர் இன்றும் உண்டு. சில வைரஸ்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம். ஆனால் தொற்றியவர்களுள் மிகச் சிலருக்கே, அதுவும் பல ஆண்டுகள் கழித்தே, புற்றுநோய் வருகிறது. நோயாளியைத் தொடுவதாலோ உடன் உண்பதாலோ புற்றுநோய் ஒட்டாது.

மாணவ நண்பர்களே! ரௌஸ் கண்டது புதுமை என்பதற்காக அன்று தள்ளினர், அது தவறாயிற்று. 2006-இல் வந்ததைப் புதுமை என்பதற்காகவே கொண்டாடியிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். இரண்டையும் தீர்த்து வைத்தது மறுசோதனையே. இதை வகுப்பறையோடு விட்டுவிடாமல் நம் வீட்டுத் திண்ணை வரை கொண்டு செல்வோம். அந்தத் தனித் தட்டு அகலட்டும்!