தம் சொல்லைத் தாமே திருத்திய இமாம்

ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் நூல்களை ஓதுகிறவர்கள் கவ்லுல் கதீம், கவ்லுல் ஜதீத் என்ற இரு சொற்களை அடிக்கடி காண்பார்கள். பழைய கூற்று, புதிய கூற்று என்று பொருள். இவ்விரண்டையும் சொன்னவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஒருவரே. நம் கடலோர ஊர்களில் பலரும் பின்பற்றும் மத்ஹப், ஒருவர் தம்மைத் தாமே திருத்திக்கொண்டதில் உருவானது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தார்கள். தந்தை சிறுவயதிலேயே மறைந்துவிட, தாயார் மக்காவுக்கு அழைத்து வந்து வறுமையில் வளர்த்தார்கள். சிறுவயதிலேயே குர்ஆனை மனனமிட்டு, மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், இராக்கில் முஹம்மத் இப்னுல் ஹஸன் (ரஹ்) அவர்களிடமும் பயின்றார்கள்.

ஹிஜ்ரி 195இல் பக்தாதில் அவர்களின் சபை பெரும்புகழ் பெற்றது. அஹ்மத் இப்னு ஹன்பல், அபூ ஸவ்ர், ஸஅஃபரானீ (ரஹ்) போன்றோர் அங்கே பாடம் கேட்டார்கள். தம்மைவிட 14 வயது இளையவரான இமாம் அஹ்மதிடம், ஹதீஸில் நீங்களே அதிகம் அறிந்தவர், ஸஹீஹான ஹதீஸ் கிடைத்தால் எனக்குத் தெரிவியுங்கள், அதன்படி நடக்கிறேன் என்ற கருத்தில் ஆசிரியரே கேட்டுக்கொண்டார்கள்.

சில ஆண்டுகளில் மிஸ்ருக்குச் சென்றார்கள். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. பக்தாதில் எழுதிய நூல்கள் மாணவர்கள் கையில் பரவியிருந்தன. அந்நிலையில் தம் சட்டங்களை ஆதாரங்களோடு மீண்டும் உரசிப் பார்த்தார்கள். அர்ரிஸாலாவைப் புதிதாக எழுதினார்கள். அல்உம்மு உருவானது. பல மஸாயில்களில் முந்தைய கருத்தைக் கைவிட்டார்கள்.

ஊர் மாறியதால் சட்டத்தையும் மாற்றினார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது மட்டுமே காரணமென்றால், பக்தாத்வாசிகளுக்குப் பழையதை அப்படியே விட்டிருக்கலாமே! இமாம் அவர்களோ, கைவிட்ட கருத்தைத் தம் பெயரால் அறிவிப்பதையே அனுமதிக்கவில்லை. தமக்குப் புகழ் தேடித்தந்த நூலையே திரும்பப் பெறுவது எத்தனை பேருக்கு முடியும்?

இந்தப் பணிவு அவர்களோடு முடியவில்லை. மஃக்ரிபின் நேரம் செம்மேகம் மறையும் வரை நீடிக்கும் என்பது பழைய கூற்று. உளூச் செய்து, பாங்கும் இகாமத்தும் சொல்லி, ஐந்து ரக்அத் தொழும் அளவுதான் என்பது புதிய கூற்று. பின்னால் வந்த இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹான ஹதீஸைப் பார்த்துப் பழைய கூற்றையே தேர்ந்தார்கள். அது இமாமை மீறியதாகாது. ஹதீஸ் ஸஹீஹானால் அதுவே என் மத்ஹப் என்பது இமாம் விட்டுச்சென்ற விதி. தம் திருத்தத்தையும் திருத்தும் வாசலை அவர்களே திறந்து வைத்தார்கள்.

ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) மிஸ்ரில் வஃபாத்தானார்கள். அப்போது வயது 54. கருத்தை மாற்றினார் என்பதற்காக அவர்களின் மதிப்பு குறையவில்லை. பன்னிரண்டு நூற்றாண்டுகளாக உம்மத் அவர்களை இமாம் என்றே அழைக்கிறது.

நாமோ, மிம்பரில் சொன்னதாயினும், ஜமாஅத் கூட்டத்தில் சொன்னதாயினும், பிள்ளைகளிடம் வீட்டில் சொன்னதாயினும், தவறெனத் தெரிந்த பின்னும் கவுரவத்துக்காக அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நம் சொல்லைக் காப்பாற்றுவதைவிடச் சத்தியத்தைக் காப்பாற்றுவதே மேல். திருத்திக்கொள்வதில் இழிவில்லை. இல்மு வளர்வதும் அங்கேதான்.

உண்மை தெளிவானதும் அதன் பக்கம் திரும்பும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.