ஒல்லி உடம்பு, ஓயாத ஓட்டம்!

அமெரிக்கக் கால்பந்து முரட்டு ஆட்டம். பந்தைக் கையால் எறிவார்கள். பிடித்தவர் ஓட வேண்டும். எதிர் அணியினர் மோதி வீழ்த்துவார்கள்.

இந்த ஆட்டத்தில் புகுந்தார் ஓர் ஒல்லி இளைஞர். அவர்தான் டான் ஹட்சன். 1913-ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர்.

1935-ல் கிரீன்பே பேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார். இந்த உடம்பு அடி தாங்குமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள்.

சிகாகோ பேர்ஸ் அணியுடன் போட்டி. தொடக்கத்திலேயே நீண்ட தூரப் பந்து வந்தது. ஹட்சன் பிடித்தார், பறந்தார், எல்லையைத் தொட்டார்! எறிதலும் ஓட்டமும் சேர்த்து 83 கெஜம். 7-0 என்று பேக்கர்ஸ் வென்றது.

சட்டென்று திசை மாற்றி ஓடுவதே அவருடைய பலம். 11 ஆண்டுகளில் இப்படி 99 முறை பந்தைப் பிடித்து எல்லை தொட்டார். அணி 3 முறை சாம்பியன் ஆயிற்று.

1945-ல் ஓய்வு பெற்றார். அந்த 99-ஐத் தாண்ட, 1989 வரை ஆளில்லை!

1997-ல் ஹட்சன் மறைந்தார்.