ஏடு காத்த பெருமகன்

1855ஆம் ஆண்டு பிறந்த உத்தமதானபுரம் உ.வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களினும் பழமையான சீவக சிந்தாமணி போன்றவை கற்பாரின்றிக் கிடப்பதை அப்போது உணர்ந்தார்.

அந்நூலைக் கற்கும் வழி எளிதாக இல்லை. ஏடுகள் செல்லரித்து உதிர்ந்தன, எழுத்துகளுக்குப் புள்ளியில்லை, பாட்டும் உரையும் கலந்து கிடந்தன. சமண சமயக் கருத்துகளோ அவருக்குப் புதியவை. அவற்றைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டுத் தெளிந்தார். பகலில் வகுப்பு, எஞ்சிய பொழுதில் ஏட்டோடு ஏட்டை ஒப்பிடல், பாடவேறுபாடு குறித்தல், உரையில் வரும் மேற்கோளின் மூலம் தேடல் எனப் பணி சிறிது சிறிதாக வளர்ந்தது. ஓய்வு கிடைத்தபோது ஊர்தோறும் சென்று ஏடு திரட்டினார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

அவர் அத்துடன் அமையவில்லை. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. குறுந்தொகையைப் பதிப்பித்தபோது அவருக்கு அகவை எண்பதைக் கடந்திருந்தது. 1942இல் மறையும்வரை அவர் தமிழ்ப்பணியைக் கைவிடவில்லை. கறையானுக்கும் காலத்துக்கும் இரையாகவிருந்த நூல்கள் இன்று நம் கையில் தவழ்வது, அவர் நாள்தோறும் செய்த அச்சிறு பணிகளின் பெரும்பயனே ஆகும்.